கதவு கொள்ளாத கடல்

மைக்கூடு என்பது வீட்டார் வைத்த பட்டப்பெயர். ஐம்பத்திரண்டு வயதிலும் விரலிடுக்கில் வண்ணம் போகாத ஓவியக்காரியை வேறெப்படிக் கூப்பிடுவது? மூன்று வருடமாக அவள் ஒரே படத்தைத்தான் வரைந்துகொண்டிருந்தாள். முதலில் ஒரு மரப்பலகை; அதில் விடிகாலைக் கடல். தண்ணீரோ பலகை ஓரத்தில் நிற்க மாட்டேனென்று அடம்பிடித்தது. பக்கத்தில் இன்னொரு பலகையை வைத்து, பின்னால் திருகாணி முடுக்கி, இடுக்கு தெரியாமல் வண்ணம் பூசினாள். இப்படியே ஏழு பலகை ஆயிற்று. மாடியறைச் சுவர் முழுக்கத் தண்ணீர். மதியத்தில் அதன்முன் உட்கார்ந்தால் நாற்காலி மெல்ல மிதக்கும், பசிகூடத் தெரியாது.

ஓவியக் கண்காட்சி நடத்தும் கேலரிக்காரம்மா வந்து, ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடந்து பார்த்தார். பிறகு, "முன் சுவர் மொத்தமும் இதுக்குத்தான்" என்றார்.

சனிக்கிழமை வண்டி வந்தது. அப்புறம்தான் தம்பிக்குக் கதவு ஞாபகம் வந்தது.

தம்பி அளந்தான். மறுபடி அளந்தான். அளவு நாடா இரக்கப்பட்டா நீளும்? "ஏன்க்கா, இது வெளிய போகணுமேன்னு ஒருநாளாச்சும் தோணலையா?"

"தோணல."

பச்சைப் பொய். போன கண்காட்சிக்குப் பிறகு, வெறும் சுவரை வெறித்தபடி பதினாறு மாதம் தூரிகையைத் தொடாமல் கிடந்தவள் அவள். இன்னொரு முறை அப்படிக் கிடக்கத் தெம்பில்லை. போகக் கூடாதென்றேதான் வளர்த்தாள்.

கேலரிக்காரம்மா போனில் கறாராகச் சொல்லிவிட்டார்: "இன்னிக்கு வரலேன்னா சுவர் வேற ஆளுக்குப் போயிடும்."

வண்டியோடு வந்த தச்சர் பலகையின் பின்பக்கத்தைத் தட்டிப் பார்த்தார். "ஸ்க்ரூவைக் கழட்டிரலாம்மா. ஆனா முன்னால பெயிண்ட் தோலாட்டம் ஒட்டிக்கிடக்கு, அறுக்கணும். அதை நான் செய்ய மாட்டேன். அந்தப் பாவம் எனக்கு வேணாம்."

கத்தியை அவளே எடுத்தாள். முதல் இடுக்கில் கத்தி இறங்கியதும் எண்ணெய் வாசனை குப்பென்று எழுந்தது. பலகை பிரிந்தது.

வெட்டுவாயில் அரை விரல் கனத்துக்கு வண்ணம், அடுக்கடுக்காக. மேலே நீலம், கீழே சாம்பல், பச்சை, எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் ஆரஞ்சுக் கோடு, தீப்பிடித்த மாதிரி. அதைப் பூசியதே அவளுக்கு நினைவில்லை.

"இத்தனையையும் நானா மூடினேன்?" என்றாள். ஒன்றுக்குக்கூட அழுததில்லை. தினமும் ஒரு கடலை வழியனுப்பிவிட்டுத்தான் படுக்கப் போயிருக்கிறாள்.

மீதி ஐந்து இடுக்கையும் மளமளவென்று அறுத்தாள். "நாலு விரல் இடைவெளி விட்டு மாட்டச் சொல்லுங்க. அந்த ஓரம் தெரியணும்."

வண்டி போனதும் தாங்க முடியாமல் ஓவென்று அழுதாள்.

ஒரு மணி நேரம் பொறுத்து, அக்கா என்ன கோலத்தில் இருக்கிறாளோ என்று பயந்து பயந்து தம்பி மாடியேறினான். வெறும் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே மஞ்சளில் சிவப்பைக் குழைத்தாள், துடைத்தாள், மறுபடி குழைத்தாள்.

"அந்த ஆரஞ்சு வரமாட்டேங்குதுடா" என்றாள் எரிச்சலோடு. "நிக்காத, வெளிச்சத்தை மறைக்கிற."