வாய் திறக்காத பிள்ளை

அன்று காலையில் ஈஸ்வரி வீட்டை ஒட்டிய சாமை அறையில் மூட்டைகளுக்கு நடுவே வண்டு மருந்து மாத்திரைகளைத் துணியில் முடிந்து வைத்தாள். போன வருடம் வண்டு பாதியைத் தின்றுவிட்டது. அதனால் இந்த வருடம்தான் முதல்முறையாக மலையடிவாரத்து ஆலங்காயத்தில் மருந்து வாங்கினாள். "வச்ச கையோட கதவ சாத்திடும்மா. உள்ள யாரும் போவக் கூடாது, அந்தக் காத்தே ஆள தூக்கிடும்" என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். கதவிடுக்குகளைச் சாணி மெழுகி அடைத்துவிட்டுப் புருஷனிடம் வந்தாள். தீர்த்தகிரி போனில் மூழ்கியிருந்தான்.

"சாமை ரூம்ல மருந்து வச்சிருக்கேன். அந்தப் பக்கம் போவாதீங்க."

"ம்" என்றான். அந்த "ம்"மை நம்பி, பாவம், அவள் கொள்ளு பிடுங்கக் கொல்லைக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை. மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் அன்பரசி வாசலில் புளியங்கொட்டை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். பட்டியில் ஆடுகள் கத்தின. தீர்த்தகிரி போனிலிருந்து தலையைத் தூக்கினான்.

"ஆட்ட ஓட்டினு போன்னு எத்தினி வாட்டி சொல்றது?"

"நீ காத்தாலேந்து போன்தான பாத்துனு இருக்க. நீயே ஓட்டினு போப்பா."

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் அவனுக்குச் சுருக்கென்று தைத்தது.

கை புளிய விளாரைத் தேடிப் போய், பாதியில் நின்றது. போன மாதம் அவளுடைய கெண்டைக்காலில் விளார் தடத்தைப் பார்த்த டீச்சர், இவனைப் பள்ளிக்கூடத்துக்கே வரவழைத்துவிட்டார். "அடிச்சா பயம்தாங்க வரும், புத்தி வராது. கோவம் வந்தா அவள உங்க பக்கத்துலயே கொஞ்ச நேரம் தனியா ஒக்கார வைங்க. அப்புறம் ரெண்டு பேரும் பேசுங்க." இதில் "தனியா ஒக்கார வைங்க" என்பதை மட்டும் தீர்த்தகிரி வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தான். மீதியைப் பள்ளிக்கூட வாசலிலேயே விட்டுவிட்டான்.

வீட்டில் ஆள் புழங்குவதோ ஒரே அறை. தனியாக எங்கே உட்கார வைப்பது? சாமை அறை கண்ணில் பட்டது. புதுத் தானியம் வந்த அறை அவர்களுக்குச் சாமி இருக்கும் இடம். செருப்போடு யாரும் நுழைய மாட்டார்கள். அங்கே உட்கார்ந்தால் தானாகப் புத்தி வரும் என்று நினைத்தான். கதவில் இருந்த ஈரச் சாணியும் அவனை உறுத்தவில்லை. வருடா வருடம் புதுச் சாமைக்கு மெழுகுவதுதானே. சுரண்டித் திறந்தான். பூண்டு நாற்றம் போல ஏதோ அடித்தது. மகளை உள்ளே உட்கார வைத்தான்.

"நான் வந்து தொறக்கற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது. யார் கூப்டாலும் சத்தம் வரக் கூடாது. வந்துச்சு, விளாருதான்."

தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு ஆடுகளைத் தானே ஓட்டிக்கொண்டு போனான். அடிக்கவில்லை என்பதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. மேட்டுப் பாறையில் டவர் கிடைத்தது. உட்கார்ந்தான், போனைத் திறந்தான். மகளை மறந்தான்.

வெயில் ஏறியதும் ஈஸ்வரி வீட்டுக்கு வந்தாள். "அன்பு" என்று கூப்பிட்டாள். பதில் இல்லை. புளிய மரத்தடியில் தேடினாள், பக்கத்து வீட்டில் கேட்டாள், திரும்பி வந்து சாமை அறைக் கதவுக்கு முன்னாலேயே நின்று இன்னொரு முறை கூப்பிட்டாள்.

உள்ளே அன்பரசிக்கு அம்மாவின் குரல் நன்றாகவே கேட்டது. குமட்டிக்கொண்டு வந்தது. சத்தம் வெளியே போகாமல் இருக்கப் பாவாடையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

ஈஸ்வரி திரும்பியபோதுதான் வாசற்படியில் உதிர்ந்து கிடந்த சாணித் துணுக்குகளைப் பார்த்தாள். தாழ்ப்பாளைத் தள்ளிக் கதவைத் திறந்து, மூட்டையோரம் சுருண்டு கிடந்த மகளை வெளியே தூக்கி வந்தாள்.

பக்கத்து வீட்டு மணிவேல் ஜீப்பை எடுத்தான். "ஆஸ்பத்திரி போற வரைக்கும் தூங்க வுடாதக்கா. எதுனா பேச வையி" என்றான். ஈஸ்வரி மகளின் கன்னத்தைத் தட்டித் தட்டிக் கெஞ்சினாள். பிள்ளை உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டியது. கண்கள் மட்டும் யாரையோ தேடின.

முதல் வளைவில் தீர்த்தகிரி ஆடுகளோடு எதிரே வந்தான். ஜீப் நின்றது.

"மருந்து வச்சிருக்கேன்னு சொன்னனே" என்றாள் ஈஸ்வரி.

ஆடுகளை ரோட்டிலேயே விட்டுவிட்டு ஏறினான். மகளின் தலையை மடியில் வாங்கினான்.

"பேசும்மா. அப்பா வந்துட்டேன், தொறந்துட்டேன். இனிமே பேசலாம்."

அன்பரசி அவனைப் பார்த்தாள். உதடு பிரிந்தது.

"நான் சத்தமே போடலப்பா" என்றாள்.

கண்கள் மெல்ல மூடின. ஆலங்காயத்துக்கு இன்னும் முக்கால் மலை பாக்கி இருந்தது. "எதுத்துப் பேசுடி கண்ணு. இன்னா வேணா பேசு, எவ்ளோ வேணா பேசு" என்று தீர்த்தகிரி ஒவ்வொரு வளைவிலும் அழுதுகொண்டே சொன்னான். மலை இறங்கி முடியும்வரை அன்பரசி வாயைத் திறக்கவில்லை.