எல்லைக்கோட்டைத் தாண்டிய அத்தை

பள்ளி மாணவிகளின் கூடைப்பந்து ஆட்டத்துக்கு நான் நடுவராக இருப்பதைப் பார்க்க என் மாமியார் வந்ததற்கு ஒரே காரணம், அன்று வீட்டில் மின்சாரம் இல்லை, உள்ளரங்கில் ஏசி உண்டு என்பதுதான். இரண்டாம் வரிசையில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

ஆட்டம் முடியும் நேரத்தில் ஒரு சிறுமி பந்தைக் கூடையில் போட்டாள். புள்ளி கொடுத்தேன். எதிர்ப்பக்க வரிசையில் எதிரணிப் பெண் ஒருத்தியின் அப்பா எழுந்தார்.

"பந்தைத் தட்டாமலே ஓடுது அந்தப் பொண்ணு. ரெஃப்ரி அம்மாவுக்குக் கண்ணு என்ன பின்மண்டையிலயா இருக்கு?"

இதே கேள்வியை அன்று காலை மாமியாரும் கேட்டிருந்தார், வேறு விஷயத்துக்கு. அதனால் எனக்கு உறைக்கவில்லை. மாமியாருக்கு உறைத்துவிட்டது. எல்லைக்கோட்டைத் தாண்டி, விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு நடுவே புகுந்து, அந்த மனிதருக்கு எதிரே போய் நின்றார்.

"யாரைப் பார்த்து என்னய்யா பேசறே? அவ எங்க வீட்டுப் பொண்ணு."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் எனக்காக ஒரு வார்த்தை பேசியதில்லை. இருந்தும் விசிலை ஊதினேன்.

எங்கள் கூடைப்பந்துச் சங்க விதிப்படி, இருக்கையிலிருந்து திட்டுபவருக்கு எச்சரிக்கை. களத்துக்குள் வருபவர் வெளியேற வேண்டும். அதையும் நடுவர் நேரில் சொல்லக் கூடாது, போட்டிப் பொறுப்பாளர் மூலம்தான். எனக்கு அது பழக்கம்தான். வீட்டிலும் நானும் மாமியாரும் என் கணவர் மூலம்தான் பேசிக்கொள்வோம்.

"அந்த அம்மாவை வெளியே போகச் சொல்லுங்க."

பொறுப்பாளர் குரலைத் தாழ்த்தினார். "மேடம், உங்க மாமியாராச்சே."

"சொல்லுங்க. அந்த சாரையும் பேசாம உட்காரச் சொல்லுங்க."

கையெட்டும் தூரத்தில் நின்ற மாமியார், "எனக்குக் காது கேக்குதுன்னு அவகிட்ட சொல்லுங்க தம்பி" என்றார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார்.

திட்டியவர் கைதட்டினார். "இப்பத்தான் சரியா ஊதியிருக்காங்க."

மிச்ச ஆட்டத்தில் என் கால்கள்தான் ஓடின. என் பக்கம் நின்ற ஒரே மனுஷியை நானே துரத்தியிருந்தேன், அதுவும் சட்டப்படி.

மாமியார் கார் நிறுத்துமிடத்தில் காத்திருந்தார்.

"மன்னிச்சிடுங்க அத்தை. எனக்காகத்தான் எழுந்து வந்தீங்க."

"அதுக்கென்ன. அந்தாள் சொன்னதும் சரிதான். அந்தப் பொண்ணு பந்தைக் கட்டிப் பிடிச்சிட்டு நாலடி ஓடினா. நீ பராக்கு பாத்துட்டு நின்னே."

"அப்புறம் ஏன் அவர்கிட்ட சண்டைக்குப் போனீங்க?"

"உன்னைச் சொல்றதுக்கு அவன் யாரு?"

கார் கதவைத் திறந்துவிட்டேன். வழியெல்லாம் அந்த நாலடியை விளக்கிக்கொண்டே வந்தார். இரண்டடிதான், அதற்கு விதியில் இடமுண்டு என்றேன். அவர் விடவில்லை. நானும் விடவில்லை.