சும்மா இருக்கத் தெரியாத குரல்

மூல நோய்க் களிம்பு விற்பதற்கு நான் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. ஆனால் செருப்புக் கடையில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, எதிர்ச் சுவரில் தொங்கிய டிவியில் ஒரு பெண் என் குரலில் அதைத்தான் விற்றுக்கொண்டிருந்தாள். "உட்கார முடியலையா? இனி கவலையே வேண்டாம்" என்றாள். முடிக்கும்போது என்னைப் போலவே லேசாகச் சிரிக்கவும் செய்தாள். வாயசைவு பிசகவே இல்லை. அவள் நாற்காலியை இழுத்தபோது தரையில் உரசும் சத்தம்கூடச் சரியான நேரத்தில் வந்தது. அப்படி ஒரு பெண்ணே உலகத்தில் கிடையாது, கம்ப்யூட்டர் செய்தவள். குரல் மட்டும் என்னுடையது.

புதுச் செருப்பை அப்படியே கழற்றிப் போட்டுவிட்டு அத்தானின் ஸ்டூடியோவுக்குப் போனேன். அத்தான் என்றால் என் அக்காள் புருஷன். நான் டப்பிங் பேசுகிறவள். சோப்பு, பெயின்ட், மெத்தை என்று அவர் பிடித்துவந்த விளம்பரங்களுக்கெல்லாம் வருடக்கணக்கில் பேசியிருக்கிறேன். சில மாதங்களாக அவர் கூப்பிடுவதில்லை. மற்ற ஸ்டூடியோக்களும் கூப்பிடவில்லை. எனக்குத்தான் நேரம் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போகிற வழியில் ஆட்டோவிலிருந்தே ஒரு ஸ்டூடியோவுக்குப் போன் போட்டேன்.

"அடடே, நீங்களா? தொண்டைல ஆபரேஷன், இனிமே பேசவே முடியாதுன்னு உங்க அத்தான் சொன்னாரே" என்றார் அங்கே இருந்தவர். "இப்ப நல்லாத்தான பேசுறீங்க?"

போனை வைத்துவிட்டு ஸ்டூடியோ மாடிப்படி ஏறினேன். அத்தான் சுழல்நாற்காலியில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் கேட்டதற்கு அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

"குரல் உன்னோடதுதான், யாரு இல்லன்னா? ஆனா பதிவு என்னோடது. என் மைக்ல விழுந்தது, என்கிட்ட கிடக்கு. அதை மெஷினுக்குக் குடுத்தேன். நாலு வரி எழுதுனாப் போதும், ஆளு, வாயசைவு, பேச்சு, கதவு சாத்துற சத்தம் எல்லாம் ஒண்ணா வந்து விழுது. காலத்துக்குத் தகுந்த மாதிரி போக வேண்டாமா?"

"எனக்குத் தொண்டை போயிடுச்சுன்னு ஏன் சொன்னீங்க?"

"நீ நாலு இடத்துல போய்ப் பேசிட்டு இருந்தா, மெஷின் குரலை எவன் வாங்குவான்? வீட்டுக்குள்ள இதையெல்லாம் பெருசு பண்ணாத."

நாக்கில் நரம்பில்லாமல் அதையும் சொன்னார். பிள்ளை குட்டி, சொத்து பத்து எதுவும் இல்லாதவள் நான். தொண்டை ஒன்றுதான் எனக்குச் சோறு போட்டது. அதையும் பிடுங்கிக்கொண்டு, அது செத்துப்போனதாக ஊரெல்லாம் செய்தி வேறு சொல்லியிருக்கிறார். இந்த மனுஷனை மண்ணைக் கவ்வ வைக்காமல் விடுவதில்லை என்று அந்த மாடிப்படியிலேயே முடிவு செய்தேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

வழி அக்காள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கிடைத்தது. ரெகார்டிங் பார்க்கிறவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டு, அந்த மெஷின் வேலையை அக்காள் தலையில் கட்டியிருந்தார் அத்தான். லேப்டாப்புக்கும் துவைத்த துணிக் குவியலுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

"நீ குரலை மனசாரக் குடுத்தேன்னுதான அவர் சொன்னாரு" என்றாள். நான் நடந்ததைச் சொன்னேன். ஒரு துண்டை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "அவர்கிட்ட நான் பேசுறேன்" என்றாள். அவள் பேசி அவர் கேட்ட கதை எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

பேச்சை மாற்றுவதற்காக லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். ஒரு பெயின்ட் விளம்பரம். புதுச் சுவரை ஒரு பெண் பேசாமல் ரசித்துப் பார்க்க வேண்டும். பார்த்தாள். பிறகு வாயைத் திறந்து, "அய்யோ, முதுகு போச்சு. இன்னும் எத்தனை தடவை இதையே சொல்றது" என்றாள்.

"இதுக்குச் சும்மா இருக்கவே தெரியாதுடி. ரெண்டு வசனத்துக்கு நடுவுல இடம் விட்டா எதையாவது உளறும். தினமும் அதை வெட்டி எறியறதே எனக்கு வேலை" என்றாள் அக்காள்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அது உளறல் இல்லை. ஒவ்வொரு வரியையும் பேசி முடித்த பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ரெகார்டிங்காரரிடம் நான் சொன்னது. நிறுத்தி நிறுத்திப் பதிவு செய்தால் நேரம் வீணாகிறது, ஓடவிட்டு அப்புறம் வெட்டிக்கொள் என்பது அத்தான் போட்ட சட்டம். வெட்டாத முழுப் பதிவையும் உட்கார்ந்து கேட்கச் சோம்பல்பட்டு அப்படியே மெஷினுக்கு ஊட்டியிருக்கிறார். மெஷின் என்ன கண்டது? இந்தக் குரல் வேலை செய்யும்போது விளம்பரம் பேசும், ஓய்வில் வயிற்றெரிச்சலைக் கொட்டும் என்று ஒழுங்காகக் கற்றுக்கொண்டிருக்கிறது. ஓய்வில் நான் அதிகம் திட்டியது இரண்டைத்தான். ஒன்று அத்தானை, இன்னொன்று ஒரு கம்பெனி மெத்தையை.

அந்தக் கம்பெனி முதலாளியான மெத்தைக்காரரே அடுத்த வாரம் ஸ்டூடியோவுக்கு வரப்போவதாக அத்தான் போன் செய்தார். வருடம் முழுக்க அவருடைய எல்லா வீடியோக்களும் அத்தானிடமே வரும் பெரிய ஒப்பந்தம். அத்தான் உயிரை விட்டு அதைப் பிடித்திருந்தார். ஆனால் மெத்தைக்காரர் கொஞ்சம் முன்ஜாக்கிரதையான ஆள். குரலுக்குச் சொந்தக்காரியை நேரில் பார்த்து, சம்மதம் என்று அவள் வாயால் கேட்டால்தான் கையெழுத்தாம்.

"வந்து தலையை ஆட்டு, போதும்" என்றார் அத்தான்.

"வர்றேன் அத்தான்" என்றேன். என் குரலில் அவ்வளவு தேன் எங்கிருந்து வந்ததோ.

அன்றைக்கு நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போனேன். அக்காளும் லேப்டாப்போடு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். மெத்தைக்காரர் வயதானவர், மரியாதையாகப் பேசினார். "உங்களுக்கு மனசுல எந்த வருத்தமும் இல்லையேம்மா?" என்று கேட்டார்.

"சம்மதம்தான் சார். ஒரே ஒரு யோசனை மட்டும் சொல்லலாமா?"

அத்தான் என்னை முறைத்தார். மெத்தைக்காரர் சொல்லச் சொன்னார்.

"மெத்தை விளம்பரத்துல எதுக்கு சார் ஓயாத பேச்சு? அந்தப் பொண்ணு ஒரு வரி சொல்லட்டும். அப்புறம் படுத்துட்டுப் பேசாம இருக்கட்டும். அந்த அமைதிலயே மெத்தையோட சுகம் தெரியும்."

"பிரமாதம். இப்பவே போட்டுக் காட்டுங்களேன்" என்றார் மெத்தைக்காரர்.

அத்தானுக்கு ஒரே பூரிப்பு. அமைதியில் என்ன கிடக்கிறது என்று அவருக்குத் தெரியாது, வெட்டிச் சுத்தம் செய்ததைத்தான் அவர் பார்த்திருக்கிறார். தெரிந்தவள் அக்காள். தட்டச்சு செய்துகொண்டிருந்த அவள் விரல்கள் நின்றுவிட்டன. என்னைப் பார்த்தாள். நானும் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். சாக்கு எதையாவது சொல்லி அவள் தட்டிக் கழித்திருக்கலாம்.

"என்ன மசமசன்னு உக்காந்திருக்க? தட்டுடி" என்றார் அத்தான்.

அக்காள் தட்டினாள்.

பெரிய திரையில் வெள்ளைப் படுக்கையறை வந்தது. திரைச்சீலை சரசரத்தது. பெண் வந்து மெத்தையில் சாய்ந்தாள், மெத்தை மெல்ல அமுங்கும் ஓசை. "உறக்கத்துக்கு ஒரு நல்ல வீடு" என்றாள் என் குரலில். கண்ணை மூடினாள். மெத்தைக்காரர் சொக்கிப்போனார். அப்போது அந்தப் பெண் கண்ணைத் திறந்தாள்.

"இதுல படுத்தா மறுநாள் நாலு பேர் வந்து தூக்கிவிடணும்" என்றாள், இதமாகப் புன்னகைத்துக்கொண்டே. "பாவம் அந்த மெத்தைக்காரர். அவர் தலைல மொளகா அரைக்கிறதுக்கு எங்க அத்தானை விட்டா ஆளே கிடையாது. வெளியில அவரைக் கும்பிடுவாரு, உள்ள வந்து பஞ்சுமூட்டைம்பாரு."

ஒவ்வொரு சொல்லுக்கும் உதடு அழகாக அசைந்தது. 'பஞ்சுமூட்டை' என்றபோது தலையணையைத் தட்டினாள், அந்தச் சத்தமும் சரியாக விழுந்தது.

"மெஷின் கோளாறு சார்" என்று அத்தான் எழுந்தார்.

மெத்தைக்காரர் என் பக்கம் திரும்பினார். "இது நீங்க சொன்னதாம்மா?"

"ஆமா சார். இதே ரூம்ல, அந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி நின்னு சொன்னேன். மெத்தையைப் பத்திச் சொன்னதுக்கு மன்னிச்சுக்கங்க. மத்ததெல்லாம் நெசம். எனக்குத் தொண்டை போயிடுச்சுன்னு ஊரெல்லாம் சொல்லி என் பிழைப்பைக் கெடுத்ததும் இவர்தான்."

மெத்தைக்காரர் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு கிளம்பினார். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

சில நாள் கழித்து அத்தான் என் வீட்டு வாசலில் நின்றார், பின்னால் அக்காள். விஷயம் வெளியே பரவி, மற்ற வாடிக்கையாளர்களும் நடுவில் பேச்சில்லாமல் ஒரு வீடியோ போட்டுக் காட்டு என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.

"மெஷினுக்குச் சும்மா இருக்கக் கத்துக்குடுக்கணும்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே. "நீ மைக் முன்னாடி பேசாம நிக்கணும். மூச்சு மட்டும் விழுந்தாப் போதும். நீ வந்தாத்தான் முடியும்."

"முதல்ல என் தொண்டையைத் திருப்பிக் குடுங்க அத்தான்."

ஒவ்வொரு ஸ்டூடியோவுக்கும் என் எதிரிலேயே ஸ்பீக்கரில் போட்டுப் பேச வைத்தேன். நான் சொன்னது பொய், அவள் நன்றாகப் பேசுகிறாள், தாராளமாகக் கூப்பிடுங்கள் என்று வியர்க்க வியர்க்கச் சொன்னார். கடைசிப் போனை வைப்பதற்குள்ளேயே எனக்கு ஒரு வேலை வந்துவிட்டது. பிறகுதான் செருப்பை மாட்டினேன்.

கண்ணாடிக்கு உள்ளே மைக் முன்னால் நின்றேன். வெளியே அத்தான் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். "உங்களைப் பாத்தா எனக்குச் சிரிப்பு வந்துடும்" என்று சொல்லி முதுகைத் திருப்பிக்கொண்டேன். ஹெட்போன் அக்காள் காதில் மட்டும்தான். விளக்கு எரிந்தது, பதிவு ஓட ஆரம்பித்தது.

களிம்பில் தொடங்கினேன். செருப்புக் கடை, தொண்டை ஆபரேஷன், என் பெயருக்கு அவர் பறித்த குழி, அக்காளை ஒருநாளும் மனுஷியாக மதிக்காதது என்று ஒன்று விடாமல், சத்தம் உயராமல், நிதானமாகச் சொன்னேன். மூச்சும் சேர்ந்து விழுந்தது. தொண்டை காயும்வரை நிறுத்தவில்லை.

வெளியே வந்தபோது அக்காள் கண் சிவந்திருந்தது. ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள்.

"ஏதாச்சும் சத்தம் விழுந்துச்சா?" என்று அவளைக் கேட்டார் அத்தான்.

"ஊசி விழுந்தாக்கூடக் கேட்டிருக்கும்" என்றாள் அக்காள்.

அவர் அதைக் கேட்டுப் பார்க்காமலேயே மெஷினில் ஏற்றினார்.