நிதானப் பரீட்சை

சர்வேயர் குடும்பம் ஓட்டலுக்குப் போனால் அது சாப்பிடப் போவதில்லை, சாப்பாட்டை ஆற அமர உட்கார்ந்து விசாரிக்கப் போவது. மாதத்தின் முதல் சனிக்கிழமை, மாலை ஏழு மணி, ஜன்னலோர வட்ட மேஜை. எழுந்திருக்க மூன்று மணி நேரம் ஆகும். "நொறுங்கத் தின்றால் நூறு வயசு" என்பார் ஓய்வுபெற்ற சர்வேயர். அவர் நூறைத் தொடுவாரோ என்னவோ, அந்த மேஜைக்குப் பரிமாறும் சர்வருக்கு மாதம் ஒரு வயது கூடிக்கொண்டிருந்தது.

மேஜைக்கென்று சட்டதிட்டங்கள் உண்டு. ஒருவர் கேட்டதை இன்னொருவர் கேட்கக் கூடாது. கேட்டால் சுயபுத்தி இல்லாதவர். எல்லார் தட்டும் வந்து சேரும்வரை யாரும் எதையும் தொடக் கூடாது. வந்து சேர்ந்த பிறகும் சர்வேயர் ஒரு கதையைச் சொல்லி முடித்துத் தன் கரண்டியை எடுக்க வேண்டும், அப்புறம்தான் மற்றவர்கள். வேலையில் இருந்தவரை நிலம் அளந்தவர், இப்போது கதை அளந்தார். வக்கீலாக இருக்கும் மகன் மெனு கார்டை வரி விடாமல் படித்துவிட்டு, "வறுத்த கோழின்னு போட்டிருக்கீங்க, எதுல வறுத்ததுன்னு போடலையே" என்று சர்வரைக் குறுக்கு விசாரணை செய்வான். அம்மா வாயே திறக்க மாட்டாள். கல்யாணமான முப்பத்தாறு வருஷத்தில் ஓட்டலில் ஒரு வாய் சூப்பைக்கூடச் சூடாகக் குடித்தறியாதவள் அவள்.

இந்த மேஜையில்தான் மகளின் கல்யாணம் இரண்டு தடவை கவிழ்ந்தது. அவளுக்கு வயது முப்பத்தொன்று, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. முதலில் அவள் கூட்டிவந்த கல்லூரி வாத்தியார், தட்டு வந்ததும் பாவம், சாப்பிட்டுவிட்டார். "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு" என்று தீர்ப்பாயிற்று. இரண்டாவதாக வந்தவர் மெனு கார்டைத் திறக்காமலே எது இருந்தாலும் சரி என்றார். "பொண்டாட்டி விஷயத்துலயும் இதையேதான் சொல்வான்" என்றார் சர்வேயர். அப்பாவை மீறிக் கல்யாணம் செய்துகொள்ள அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டால் அப்புறம் அந்த வீட்டு வாசற்படி ஏற முடியாது, அம்மா தனியாக அகப்பட்டுக்கொள்வாள். அந்தப் பயத்தில்தான் ஒவ்வொரு தடவையும் இந்த மேஜையையே நம்பி வந்தாள்.

மூன்றாவது ஆள் ஆம்புலன்ஸ் டிரைவர். ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரோரம் நின்றுகொண்டு நாலே நிமிஷத்தில் ஒரு பொட்டலம் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கை கழுவியவன், அவளிடம் வந்து, "உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. கல்யாணம் பண்ணிக்கலாமா? யோசிச்சுச் சொல்லுங்க, நான் வண்டியை எடுக்கணும்" என்று சொல்லிவிட்டு ஓடினான். ஒரு விஷயத்தை ஒரு மூச்சில் சொல்லி முடிக்க மனிதர்களால் முடியும் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த இடத்திலேயே மனசு அவன் பின்னால் போய்விட்டது.

அப்படிப்பட்டவனைத்தான் அவள் மூன்று வாரம் ஆஸ்பத்திரி கேன்டீனில் உட்கார வைத்துத் தயார் செய்தாள். ஒரு வாய்க்கு முப்பது தடவை மெல்ல வேண்டும். அவள் விரல் விட்டு எண்ணினாள். அவன் பன்னிரண்டில் விழுங்கிவிட்டுத் திருதிருவென்று விழித்தான். "அப்பா பேசினா தலையை ஆட்டு. நடுநடுவுல 'அப்புறம்?'னு கேளு. கதை முடியற வரைக்கும் உன் கை மடியை விட்டு எழுந்திருக்கக் கூடாது, என்ன நடந்தாலும் சரி" என்றாள். "இதுக்கு ரத்த வெள்ளத்துல கிடக்கறவனைத் தூக்கறது சுலபம்" என்றான் அவன். ஆனால் கெட்டிக்காரன். மூன்றாவது வாரம் இருபத்தெட்டுக்கு வந்துவிட்டான்.

அந்தச் சனிக்கிழமையும் வந்தது. டிரைவர் சலவைச் சட்டையில் வந்து உட்கார்ந்து மெனு கார்டைத் திறந்தான். முதல் பக்கம், இரண்டாம் பக்கம், மறுபடியும் முதல் பக்கம். பத்து நிமிஷம் கழித்துத் தலை நிமிர்ந்து, "சார், நீங்க என்ன சொல்றீங்களோ அதைத் தெரிஞ்சுக்கிட்டு நான் சொல்றேன். ரெண்டும் ஒண்ணாயிடக் கூடாது பாருங்க" என்றான். சர்வேயர் மகனைப் பார்த்தார். மகன் புருவத்தை உயர்த்தினான். "சார் எதுக்கு? மாமான்னே கூப்பிடுங்க" என்றார் சர்வேயர். மேஜைக்கு அடியில் அவள் தன் கையையே கிள்ளிக்கொண்டாள். அவ்வளவு சந்தோஷம்.

ஏழே முக்காலுக்குச் சாப்பாடு சொல்லி முடித்தார்கள். எட்டு மணிக்கு ரொட்டிக் கூடையும் நாலு சூப்பும் வந்தன. ஐந்தாவது சூப் வரவில்லை. வக்கீல் கேட்ட கேள்விகளில் குழம்பிப்போன சமையல்காரர் அதைத் திரும்பச் செய்துகொண்டிருந்தாராம். எட்டேகாலுக்கு அதுவும் வந்தது. சர்வேயர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இரண்டு பங்காளிகளுக்கு நடுவில் இருந்த முக்கால் அடி வரப்பைத் தான் பதினோரு நாள் அளந்த கதையைத் தொடங்கினார்.

நாலாம் நாள் அளவுக்குக் கதை வந்தபோது அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் மேலுதட்டில் முத்து முத்தாக வியர்வை. மடியில் இருந்த கை நடுங்கியது. அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் மாத்திரை போட வேண்டும். ஏழு மணிச் சாப்பாடு என்று நம்பி ஆறரைக்கே போட்டிருந்தாள். முப்பத்தாறு வருஷத்துக்குப் பிறகும் நம்புகிறாள் பாருங்கள். இப்போது சர்க்கரை தடதடவென்று இறங்கிக்கொண்டிருந்தது. சர்வேயருக்கு இந்த வியாதியெல்லாம் தெரியாததல்ல. அவரைப் பொறுத்தவரை அதுவும் ஓர் அவசரபுத்தி, அவ்வளவுதான்.

"அப்பா, அம்மாவுக்கு முடியல. ஆரம்பிக்கலாம்" என்றாள்.

"ஆரம்பிக்கத்தானே போறோம்? பதறாத காரியம் சிதறாது. அஞ்சாம் நாள் என்ன ஆச்சுன்னா..."

அவள் டிரைவரைப் பார்த்தாள். இந்த வியர்வையையும் நடுக்கத்தையும் மாதத்தில் பத்துப் பேரிடம் பார்க்கிறவன் அவன். வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே வாயில் சர்க்கரையைப் போடுகிறவன். அவனும் பார்த்துவிட்டான். பார்த்தது அவன் கண்ணிலேயே தெரிந்தது. அவன் கை மடியை விட்டு எழுந்து ரொட்டிக் கூடைப் பக்கம் பாதி தூரம் போயிற்று. சர்வேயர் கதையை நிறுத்தி அந்தக் கையைப் பார்த்தார். கை திரும்பி மடிக்கே போய்விட்டது.

"ஒரு நிமிஷம்" என்று அவளிடம் மெதுவாகச் சொன்னான். "மாமா முடிச்சிடட்டும்." பிறகு அந்தப் பக்கம் திரும்பி, "அப்புறம்?" என்றான்.

அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். எழுந்து அடுத்த மேஜையில் இருந்த சர்க்கரைக் கிண்ணத்தைத் தூக்கி வந்தாள். நாலு கரண்டி அள்ளித் தண்ணீரில் கலக்கி அம்மாவின் வாயில் தம்ளரை வைத்தாள். பாதி தொண்டையிலும் பாதி புடவையிலும் போயிற்று. ரொட்டியைப் பிய்த்துச் சூப்பில் நனைத்து ஊட்டினாள். கதை முடிவதற்கு முன் அந்தக் குடும்பத்தில் ஒருவர் சாப்பிடுவது அதுதான் முதல் தடவை.

அம்மாவுக்கு நடுக்கம் அடங்கியதும் சர்வேயர் பெருமூச்சு விட்டார். அவள் நினைத்ததுபோல் அவருக்குக் கோபமே இல்லை. முகமெல்லாம் பூரிப்பாக இருந்தது. "பாத்தீங்களா மாப்பிள்ளை? இந்தக் குடும்பத்துல பதறுறவ இவ ஒருத்திதான். நீங்க அசையாம உட்கார்ந்திருந்தீங்களே, அதைத்தான் நான் கவனிச்சேன். நாள் பாத்துடலாம். இவளை நீங்கதான் கொஞ்சம் நிதானத்துக்குக் கொண்டுவரணும்."

"கொண்டுவந்துடலாம் மாமா" என்றான் டிரைவர்.

அவள் அம்மாவைக் கைத்தாங்கலாக எழுப்பி வெளியே கூட்டிப்போனாள். வாசலில் காத்திருப்பவர்களுக்காகப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார வைத்து முந்தானையால் விசிறினாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் டிரைவர் வந்தான்.

"மாமாகிட்ட சொல்லிட்டு வர நேரமாயிடுச்சு" என்றான். "ஏன் இப்படி எழுந்து வந்துட்டே? பரீட்சையில பாஸாயாச்சு. அவரே நாள் பாக்கலாம்னு சொல்லிட்டாரே."

"அம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு உனக்குத் தெரிஞ்சுதா இல்லையா?"

அவன் பொய் சொல்லவில்லை. "தெரிஞ்சுது. கதை முடிய அஞ்சு நிமிஷம்தான் இருக்கும்னு தோணுச்சு. அதுக்குள்ள ஒண்ணும் ஆகாதுன்னு உட்கார்ந்துட்டேன்." பிறகு, "நீ சொன்னபடிதானே நடந்துக்கிட்டேன்? என்ன நடந்தாலும்னு நீதானே சொன்னே?" என்றான்.

அது உண்மை. அதனால்தான் அவளுக்கு அப்படி வலித்தது. நின்றபடி சாப்பிட்டுவிட்டு ஓடுகிற மனுஷனைப் பிடித்து உட்கார வைத்து, விரல் விட்டு எண்ணி, வீட்டிலிருக்கிற அதே ஆளை இன்னொரு தடவை செய்து வைத்திருக்கிறாள். கேன்டீனில் செலவழித்த மூன்று வாரத்தையும் நினைத்தபோது அவன்மேல் வந்ததைவிட அதிகமாகத் தன்மேல்தான் அவளுக்கு ஆத்திரம் வந்தது.

"சொல்லிக்கொடுத்தது நான்தான்" என்றாள். "உன்னை மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா நீ இவ்வளவு சீக்கிரம் கத்துக்குவேன்னு நான் நினைக்கல. இந்தக் கல்யாணம் வேண்டாம்."

அவன் கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே மேஜையைப் பார்த்தான். யாரைக் கேட்டுவிட்டு வந்து பதில் சொல்லலாம் என்று யோசிக்கிறான் என்பது அவளுக்குப் புரிந்தது. அம்மா தானாகவே நாற்காலியை விட்டு எழுந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் படியிறங்கி நடந்தார்கள்.