தள்ளுபடி வேண்டாம்

உயிரின் விலை, மாத்திரைப் பட்டை ஒன்றுக்கு நாலாயிரத்து இருநூறு. வரி உட்பட. நெடுநாள் நோயாளி என்றால் பத்து சதவீதம் தள்ளுபடி. எங்கள் மருந்துக் கடைகளின் பில் போடும் மென்பொருளில் இதை எழுதி வைத்தவளே நான்தான்.

அந்தத் தள்ளுபடியில்தான் தகராறு. ஒரு கிளையில், ரத்தப் புற்றுக்கான மாத்திரைக்கு, மாதம் ஒரு பில்லில் மட்டும் தள்ளுபடி விழவில்லை. தணிக்கையாளர் பிடித்துவிட்டார். புரோகிராம் பணத்தைத் தின்கிறது என்றார் மேனேஜர். கல்லாவில் இருப்பவளை ஒருவரும் கேட்கவில்லை.

சோதனைப் பிரதியில் எத்தனை முறை ஓட்டினாலும் அது பசுவாட்டம் சாதுவாக இருந்தது. ஆகவே கடைகளில் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமிலேயே பிரேக்பாயிண்ட் வைக்க அனுமதி வாங்கினேன். ஓட்டத்தை ஒரு வரியில் பிடித்து நிறுத்தும் புள்ளி அது. நான் விடும்வரை நகராது. கண்ட இடத்தில் வைத்தால் எல்லாக் கல்லாவும் உறைந்துபோகும். பழைய புள்ளிகள் அனைத்தையும் முடக்கிவிட்டு, ஒன்றுக்கு மட்டும் நிபந்தனை போட்டேன்: அந்தக் கிளை, அந்த மாத்திரை, தள்ளுபடி பூஜ்யம். மூன்றும் சேர்ந்தால் நில்.

சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன் நின்றது.

பில்லின் விவரங்கள் திரையில் விரிந்தன. எங்கள் கடைகள் தரும் குடும்ப அட்டையின் எண்; இந்த மாத்திரைக்கு அது கட்டாயம். அதற்குரிய கைபேசி எண். அது என்னுடையது.

மறுபடி படித்தேன். அந்த அட்டையில் இரண்டே பேர், நானும் அப்பாவும். நோயாளியின் வயது எழுபத்தொன்று.

ஃபோன் அடித்தது. கல்லாக்காரி.

"அக்கா, ஸ்கிரீன் அப்படியே நின்னுடுச்சு. ஒரு பெரியவர் காத்துக்கிட்டு இருக்கார்."

பின்னால் அப்பாவின் குரல் கேட்டது: "அவசரமில்லம்மா. மெதுவா வரட்டும்."

அப்பா ஜவுளி மொத்த வியாபாரி. சட்டைப் பொத்தானுக்கே மூன்று கடை ஏறி இறங்குவார். பிரசவ ஆஸ்பத்திரியிலேயே பேரம் பேசியவர். நான் பிறந்ததே கழிவு போகத்தான் என்று அம்மா இருந்தவரை சொல்லிச் சிரிப்பாள்.

தள்ளுபடி ஏன் விழவில்லை என்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

"நான்தான் 'வேண்டாம்'னு அழுத்துறேன் அக்கா. எட்டு மாசமா இப்படித்தான். தள்ளுபடி போட்டா கார்டுக்காரங்களுக்கு மெசேஜ் போயிடும்ல? எம் பொண்ணு பயந்துடுவாம்மாங்கறார்."

புரோகிராமில் பிழையே இல்லை.

நின்ற இடத்தில் எதையும் மாற்றலாம். 'வேண்டாம்' என்பதை 'வேண்டும்' ஆக்க ஒரு தட்டு போதும். செய்தி வரும், ஒளிவுமறைவு முடியும். சுட்டியை அதன்மேல் கொண்டுபோனேன். கல்லா முன்னால் அவர் என் விரலுக்காக நின்றுகொண்டிருந்தார். வியாபாரம் படிந்த பின் விலையை மாற்றுகிறவனை அப்பா மறுபடி கடைப்படி ஏற்றமாட்டார்.

'தொடர்' அழுத்தினேன்.

"வந்துடுச்சு அக்கா."

புள்ளியை நீக்கினேன். வாடிக்கையாளரே தள்ளுபடி வேண்டாமென்கிறார் என்று மேனேஜரிடம் சொன்னேன். இப்படியும் ஒரு ஏமாளியா என்று சிரித்தார்.

சாயங்காலம் அப்பா காய்கறிப் பையை நீட்டினார். "தக்காளியில கால்வாசி விலையக் குறைச்சுட்டேன், பாத்தியா?"

கெட்டிக்காரர்தான் என்றேன். தக்காளியைக் கழுவிக்கொண்டே கணக்குப் போட்டேன்.

மாதம் நானூற்று இருபது, எட்டு மாதம். மூவாயிரத்து முந்நூற்று அறுபது. நான் பயமில்லாமல் தூங்க அப்பா கொடுத்த விலை, பேரம் பேசாமல். பற்று என் பேரில். இன்னும் அடைபடவில்லை.