ரோஜா வாசம் அடித்த உடம்பு

புட்டியைத் திறந்ததும் மாரிசெல்விக்குக் கை நின்றுபோனது. ஊதுபத்திக் கம்பெனிக்குப் புதிதாக வந்த வாசனைச் சரக்கு. பீனைல் எத்தில் ஆல்கஹால். ரோஜாவில் தானாக ஊறுவது, ஆலையிலும் செய்வது. எம்.எஸ்சி. வேதியியல் படித்தவள் என்று மோந்து பார்த்துக் கையெழுத்துப் போடும் வேலை அவளுக்கு.

"அய்ய, பொணத்துக்குத் தெளிக்கிற பன்னீருல்லக்கா இது!" கூட வேலை பார்க்கும் சினேகா மூக்கைப் பொத்தினாள்.

ஆறு வருசத்துக்கு முன்பு, பட்டாசு ஆலை வெடித்த அன்று, பிணவறையில் கரிக்கட்டையாக இரண்டு பெண்கள். ஒருத்தி மாரிசெல்வியின் அம்மா. இன்னொருத்தி, ஆலையில் அம்மாவோடு ஒரே அறையில் வெடிமருந்து செலுத்திய முத்துமாரி. உரசினால் தீப்பிடிக்கும் என்று மெட்டியைக்கூட வாசலில் கழற்றி வாங்கிவிடுகிற ஆலை. அடையாளம் சொல்ல உடம்பில் ஒன்றுமில்லை. மரபணுச் சோதனைக்கு அனுப்பினால் பத்து நாளாகும், இருட்டுமுன் முடியுங்கள் என்று முதலாளியின் ஆட்கள் அவசரப்படுத்தினார்கள். அம்மா தினமும் பன்னீர் ரோஜா வைப்பாள். பிணவறைக் கதவோரம் கிடந்த உடம்பில் அந்த வாசம் அடித்தது. "இதுதான் எங்கம்மா" என்றாள்.

எரிந்த தலையில் பூ எப்படி மிஞ்சும்? படித்த கழுதைக்கு இது உறைக்க ஆறு வருசம். கதவில் நின்றவாக்கில் எவனோ தெளித்த பன்னீர், எட்டிய உடம்பின்மேல் விழுந்திருக்கிறது; அது யார் உடம்போ.

அரைநாள் லீவு போட்டுவிட்டு மல்லாங்கிணறு பக்கமுள்ள சொந்த ஊருக்குப் பஸ் ஏறினாள். முத்துமாரியின் புருசன் சோணைமுத்து இடுகாட்டில், அவளைப் புதைத்த மேட்டருகே இருந்தார். மனைவி பேர் வெட்டிய கல் தரையில் கிடந்தது. சட்டியில் சிமெண்டு குழைத்துக்கொண்டிருந்தார்.

"வாத்தா மாரி, சாப்பிட்டியா? இன்னிக்குத்தான் கல்லு நடுதேன்."

"மாமா, அத்தைய எப்பிடி அடையாளங் கண்டீக?"

"நான் எங்கன கண்டேன்? படிச்ச புள்ள நீ, ஒங்கம்மாவக் காட்டிட்ட. மிச்சங் கெடந்தது எம் பொண்டாட்டி." சிரித்தார். "இருக்கையில, 'எம் மூஞ்சியப் பாத்து ரெண்டு வார்த்த பேசுனா முத்து உதுந்துருமா'ன்னு வைவா. இப்ப வெள்ளிக்கு வெள்ளி வந்து அம்புட்டையும் பேசிட்டுப் போறேன்."

நாலடி தள்ளி இன்னொரு மேடு. அதன்முன்தான் அவள் அம்மா என்று ஆறு வருசமாக அழுதிருக்கிறாள்.

"மாமா, அந்தக் கல்ல நடாதீக."

"ஏத்தா, எழுத்துத் தப்பா?"

அவள் பார்வை அம்மாவின் மேட்டுக்கும் அந்தக் கல்லுக்குமாகப் போய்வந்தது.

எழுத்துத் தெரியாத அவர் குனிந்து, கல்லில் வெட்டியிருந்த ஒவ்வொரு பள்ளத்திலும் விரலை விட்டுத் தப்பைத் தேட ஆரம்பித்தார். சட்டியில் சிமெண்டு வெளுத்துக்கொண்டு வந்தது.