காணாமல் போன லைனிங் துணி

இரண்டு வாரமாக லைனிங் துணி குறைந்துகொண்டே வந்தது. தையல்கடைக்காரிக்குத் தன் கணவர் மேல்தான் சந்தேகம். அவள் வெளியே போனால் மெஷின் ஓடுகிறது, திரும்பி வந்தால் நின்றுவிடுகிறது. கேட்டால் திருதிருவென்று முழிக்கிறார். எந்த மகராசிக்கு ரகசியமாகத் தைத்துக் கொடுக்கிறாரோ! மகளும் இதில் கூட்டு. அப்பாவும் பெண்ணும் கண்ணாலேயே பேசிக்கொள்கிறார்கள்.

அன்று மகள் குளிக்கப் போன சமயம் அவளுடைய பள்ளிப் பையைக் குடைந்தாள். புத்தகங்களுக்கு அடியில் ஒரு சுருக்குப்பை. உள்ளே லைனிங் துணியை மடித்துத் தைத்த ஆறு நாப்கின்கள். அந்த நெருக்கமான தையல் சந்தேகமே இல்லாமல் அவள் புருஷனுடையது.

ஈரத்தலையோடு வந்த மகள் பையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"எப்படி வயசுக்கு வந்தே?"

"போன மாசம்."

"பெத்தவ நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், அப்பாகிட்ட போய்ச் சொல்லியிருக்கே?"

"உன்கிட்ட சொன்னா பட்டன் வைக்க வர்றவங்களுக்குக்கூடத் தெரிஞ்சிடும்மா. சித்தி விவாகரத்து அப்படித்தானே தெரு முழுக்கப் போச்சு?"

அவளுக்குச் சுருக்கென்றது. கடைக்கு வந்தாள். சட்டைக்கு அளவு கொடுக்கப் பக்கத்து வீட்டுக்காரி காத்திருந்தாள்.

"என்னக்கா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? என்ன சமாச்சாரம்?"

விஷயம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சட்டென்று நான்கு குண்டூசிகளை எடுத்து உதடுகளுக்கு நடுவே கவ்விக்கொண்டு, அளவு டேப்பை விரித்தாள்.

மெஷினை நிறுத்திவிட்டுக் கணவர் அவளைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"அளவெடுக்க எதுக்கு குண்டூசி?"

அவள் வாயைத் திறக்கவில்லை.